எதிர் இலை

மோர்சாதத்தின் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு நாகேஸ்வரன் நிமிர்ந்தார். எதிரே இருந்தவர் அப்போதுதான் சாம்பாருக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

சிக்கல் அங்கே ஆரம்பித்தது. எதிர் இலைக்காரர் சாப்பிடும்போது எழுந்தால் அவரைப் பாதியில் எழுப்பியது போல என்பது நாகேஸ்வரன் வீட்டு வழக்கம். விமான நிலைய ஹோட்டலாக இருந்தால் என்ன, இலை இலைதானே.

அன்று ஆறாட்டு, கோயில் உற்சவத்தில் சுவாமி கடலாடும் நாள். பத்மநாபசுவாமி ஊர்வலமாக விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்கு நீராடப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை எந்த விமானமும் அசையாது. காத்திருந்த சென்னைப் பயணிகளுக்குக் கூப்பன் கொடுத்து இங்கே சாப்பிட அனுப்பியிருந்தார்கள். தனி மேசை கிடைக்காததால், பத்மகுமார் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்ட ஒருவருக்கு எதிரே நாகேஸ்வரன் உட்கார நேர்ந்தது. பத்மகுமார் உடம்பில், ஏ.சி. குளிருக்குக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்ட ஸ்வெட்டர். கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடற்காற்றில் மிதக்கும் மனது. ஒரு கவளத்துக்கும் மறு கவளத்துக்கும் நடுவே அவர் எங்கோ போய்விட்டு வந்தார்.

நாகேஸ்வரனின் சட்டைப் பையில் கோயில் சந்தனம் இருந்தது. விடிந்ததும் மகள் ஜானவிக்குப் பிரசவ ஆபரேஷன். அப்பா வந்து நெற்றியில் சந்தனம் இட்டால்தான் உள்ளே போவேன் என்று அவள் அழுதிருந்தாள். இந்த விமானத்தை விட்டால் வேறு கிடையாது.

கை காய உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று, பேருக்குக் கொஞ்சம் சாதம் கேட்டார். அதைப் பார்த்த பத்மகுமார் சந்தோஷமாகத் தானும் கொஞ்சம் கேட்டார்.

சாப்பாடு முடிந்துவிட்டது என்று குறிப்புக் காட்ட, நாகேஸ்வரன் அவருக்கும் சேர்த்து மோர் ஊற்றச் சொன்னார். மோர் வந்ததே என்று பத்மகுமார் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

கடைசி வழியாக நாகேஸ்வரன் இலையை மடித்தார். பரிமாறிக்கொண்டிருந்த பிரஜின் பாய்ந்து வந்து அதை எடுத்துவிட்டுப் புது இலை விரித்தான்.

“இன்னைக்கு அன்லிமிடெட் சார். கூச்சப்படாதீங்க.”

புது இலையை வெறுமையாக விட்டுவிட்டு எழுவதா? அது இன்னும் பாவம். நாகேஸ்வரன் மறுபடி பருப்பிலிருந்து ஆரம்பித்தார்.

போன் அடித்தது. சென்னையில் மகளோடு இருக்கும் மனைவி சூடாமணி.

“ஏன்னா, பிளேன்ல உட்கார்ந்தாச்சோ?”

“இல்லடி. இலைல உட்கார்ந்திருக்கேன்.”

“இன்னுமா? அப்படி என்னதான் போடறா?”

பதில் சொல்வதற்குள் ஷிஜா என்ற விமானக் கம்பெனிப் பெண் கதவருகே வந்து, சென்னைப் பயணிகள் விமானத்துக்குப் போகும் வண்டிக்கு வரலாம் என்று அறிவித்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. நாகேஸ்வரன் பாதி எழுந்தார்.

“பேடிக்க வேண்டாம் சார், பயப்படாம இருங்க,” என்றார் பத்மகுமார். “ஃபிளைட் போகாது. நானும் சென்னைக்குத்தான். அடுத்த வண்டில சேர்ந்து போகலாம்.” பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “ஊர் ஊரா ஹோட்டல்ல தனியாத்தான் சாப்பாடு. எதிர்ல ஒரு மனுஷர் இருந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு.”

நாகேஸ்வரன் உட்கார்ந்துவிட்டார். மகளையும் சந்தனத்தையும் மனதில் பிடித்துக்கொண்டு, ‘பத்மநாபா, நீ பார்த்துக்கோ’ என்று பாயசத்துக்குக் கை காட்டினார். வண்டி புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது.

வெளியே தீவட்டிகள் தெரிந்தன. சுவாமி கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கறுத்த ஓடுபாதையின் குறுக்கே அந்த வெளிச்சம் ஒரு ஆற்றைப் போல நழுவியது. ரெஸ்டாரண்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. இருவரும் எச்சில் கையோடு, இடது கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார்கள். கடைசித் தீவட்டியும் கடந்து, இருட்டு மெல்ல மூடிக்கொண்டது.

கனவு கலைந்தவர் போல நாகேஸ்வரன் உடைந்தார்.

“சார், தப்பா நினைச்சுக்கப்படாது. என் பொண்ணுக்குக் காலம்பற ஆபரேஷன். நீங்க முடிச்சாத்தான் நான் எழுந்துக்க முடியும்.”

பத்மகுமார் திகைத்தார். “ஐயோ. பெரியவர் நீங்க சாப்பிட்டுட்டு இருக்கப்ப நான் எப்படி எழும்பறது? எனக்குத் தொண்டை வரைக்கும் நிறைஞ்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமோ?”

ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பதற்குக்கூட வயிற்றில் இடமில்லை. பிரஜின் இன்னொரு இலையோடு வருவதற்குள் இருவரும் ஒன்றாக எழுந்து கை கழுவ ஓடினார்கள்.

வண்டி போய்விட்டது, விமானமும் போயிருக்கும் என்று நாகேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பத்மகுமார் அவர் தோளைத் தட்டிவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஸ்வெட்டர் ஜிப்பை இறக்கினார். அப்போது ஷிஜா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“கேப்டன் சார், பேசஞ்சர் எல்லாரும் ஏறியாச்சு. இந்த அங்கிளும், ஃபிளைட்டை ஓட்ட வேண்டிய நீங்களும்தான் பாக்கி.”