எட்டாத முதல் பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இடுப்பைத் தவிர நான் சுகம். இடுப்புக்குக் காரணம் நீ.

உங்கள் கம்பெனி எங்கள் செய்தி அறையில் கொண்டுவந்து போட்ட தொடுதிரை மேஜையைப் பற்றிப் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அகலம் நாலரை அடி. என் கை இரண்டேகால் அடி. முதல் பக்கம் சுவரோரம் இருக்கிறது. சுற்றிப் போக வழியில்லை. மாலைக் கூட்டத்தில் அவரவர் செய்தியை விரலால் இழுத்து அங்கே போட வேண்டும். ஐந்தரைக்குப் பக்கம் பூட்டிக்கொள்ளும். விளையாட்டுப் பகுதிக்காரருக்குக் கை நீளம். தினமும் கால்பந்துதான் முதல் பக்கம். மூன்று மாதம் அலைந்து நான் எழுதிய பாலத்து விரிசல் செய்தி பாதி மேஜையைத் தாண்டவில்லை. அந்தப் பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

திங்கட்கிழமை விரல் வழுக்கி, செய்தி குறுக்கெழுத்துப் புதிருக்குள் விழுந்தது. செவ்வாய்க்கிழமை என் விரலே தலைப்பை மறைத்ததால் பக்கத்து விளம்பரத்தை இழுத்துக்கொண்டு போனேன். "என்ன சார், மெத்தைக்கு முதல் பக்கமா?" என்றார் ஆசிரியரம்மா. நேத்து நல்லா எக்கினேன், வயிறு கண்ணாடியில பட்டுது, மேஜை அதையும் கைன்னு நினைச்சு மூணு இரங்கல் செய்தியைப் பிடிச்சுக்கிச்சு, நான் பின்னால நகர நகர அதுங்களும் கூடவே வருது. "அண்ணே, செத்தவங்களையாவது விடுங்க"ன்னார் விளையாட்டுக்காரர். "நான் தள்ளிவிடட்டுமா?"ன்னும் கேட்டார். என் செய்தியை நானேதான் போடுவேன்னுட்டேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: தட்டினால் முதல் பக்கத்தின் சின்ன நகல் என் கைக்கு அருகே வர வேண்டும்; அதில் போட்டால் அங்கே போய்ச் சேர வேண்டும். விரலுக்கு அடியில் இருப்பதை விரலுக்கு மேலே பெரிதாகக் காட்டு. வயிறு கையல்ல என்று மேஜைக்குச் சொல். முடியாதென்றால் உன் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன்.

அக்காவை விசாரித்ததாகச் சொல். நல்ல முதுகோடு நூறாண்டு வாழ்க.

மாமா

பி.கு.: இதை மடிக்கும்போதே உங்கள் மெக்கானிக் வந்தார். நான் கேட்டிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இதெல்லாம் முதல்லேர்ந்தே இருக்கு சார், யாரும் ஆன் பண்ணலை" என்று ஆன் செய்துவிட்டுப் போனார். ஐந்து இருபதுக்கு உட்கார்ந்தபடியே பாலத்தை முதல் பக்கத்தில் போட்டேன். ஐந்து இருபத்தொன்பதுக்கு விளையாட்டுக்காரர் உட்கார்ந்தபடியே எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் அணைக்கச் சொல். நாளை எப்படியும் எக்கிப் போட்டுவிடுவேன். எடுக்க வருகிறவரும் எக்கியே எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கிறேன்.