நவராத்திரிக்கு வந்த பூனை

எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தயாராகிவிடுகிற ஆளை மட்டும் நம்பவே கூடாது. நான் அந்த ரகம். பூனை வளர்ப்பது என்று முடிவானதும் யூடியூபில் இருக்கிற வீடியோ பூராவும் பார்த்தேன். ஏறி விளையாட ஒரு மரம், மண் தொட்டி, ஜன்னலுக்கெல்லாம் வலை என்று வாங்கிக் குவித்தேன். (“உனக்குக்கூட நான் இவ்ளோ வாங்கலடா” என்றாள் அம்மா.) காலண்டரை மட்டும் பார்க்கவில்லை.

காப்பகத்தில் மற்ற பூனைகளெல்லாம் காலைச் சுற்றி வர, ஒன்று மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பெயர் ராணி. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள். கூட்டிப்போன இரண்டு வீட்டிலும் ‘முகத்தையே காட்ட மாட்டேங்குது’ என்று திருப்பி விட்டுவிட்டார்களாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதுதான் வேண்டும் என்றேன்.

“சார், அவளுக்கு சத்தம் ஆகாது” என்றார் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷில்பா. “கொஞ்ச நாள் வீட்டுக்கு யாரும் வராம பாத்துக்கோங்க. நான் சொல்லாம வந்து பாப்பேன். சரியில்லன்னா வாபஸ் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“எங்க வீடு லைப்ரரி மாதிரி மேடம்!”

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் அந்த லைப்ரரிக்குக் கூடையுடன் திரும்பினால், ஹாலில் சோபா இருந்த இடத்தில் கொலுப்படி நின்றது.

“நாளைக்கு நவராத்திரிடா. மூணு பிளாக்கும் வரும். நேத்தே சொன்னேனே?”

நேற்று நான் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணியை என் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஹாலில் பாட்டு கூரையைப் பிய்த்தது. பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து, “கொஞ்சம் மெதுவா பாடுங்களேன்” என்று உபதேசம் செய்துவிட்டுத் திரும்பினேன். கட்டிலுக்கு அடியில் பூனை இல்லை!

வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பரண்மேல், எங்கும் இல்லை. பார்க்கிங்கில் இறங்கி, “ராணி! ராணி!” என்று ஒவ்வொரு காருக்கு அடியிலும் குனிந்து கத்தினேன். “மேடம் கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா சார்?” என்று பரிதாபமாகக் கேட்டார் புது வாட்ச்மேன். (எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.) அந்த நேரம் பார்த்து கேட்டுக்குள் நுழைந்தது ஷில்பாவின் ஸ்கூட்டர். மூன்றாவது வீடும் ராணியைக் கைவிட்டது என்றாகிவிடுமே!

என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடியே அவரை மேலே அழைத்துப் போனேன். ஹாலில் எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி கொலுவின் முன் நின்றிருந்தார்.

“எஷ்டு சென்னாகிதே! எவ்ளோ அழகு! இந்தப் பூனை பொம்மை எங்க வாங்கினீங்க? கண்ணு நெஜம் மாதிரியே இருக்கே!”

“எந்தப் பூனை?” என்றாள் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா.

கீழிருந்து இரண்டாம் படியில், செட்டியார் பொம்மைக்கும் அவர் மனைவிக்கும் நடுவே ராணி! முன்னங்கால்களைச் சேர்த்துவைத்து, இமைகூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அடேயப்பா, என்ன நிதானம்! ஒரு பொம்மை சாயவில்லை. செட்டியார் கடையில் பரப்பியிருந்த பருப்புகூடச் சிந்தவில்லை. பயந்துபோய் அங்கே ஏறியிருக்க வேண்டும். அதற்குள் பல பேர் விழுந்து கும்பிட்டுவிட்டே போயிருந்தார்கள்.

அம்மா உதட்டில் விரலை வைத்தாள். அத்தனை பெண்களும் பாட்டை நிறுத்தி, சுண்டலை வாங்கிக்கொண்டு, அடிமேல் அடிவைத்து வெளியேறினார்கள். நான் கெஞ்சிக் கேட்டும் நடக்காதது அது.

“மேடம், சத்தம் வந்து…” என்று இழுத்தேன்.

ஷில்பாவின் கண் கலங்கியிருந்தது. “இவ்ளோ பேர் முன்னாடி முகத்தக் காட்டிட்டு உக்காந்திருக்கா. இனிமே நான் எங்க சார் கூட்டிட்டுப் போறது?”

நான் வாங்கிய மரத்தில் இன்றைக்கும் என் துண்டுதான் காய்கிறது. ஆனால் நவராத்திரி வந்தால் ராணி தன் இடத்துக்குத் தானே வந்துவிடுகிறாள். (ராணி உடம்பு போட்டுவிட்டதால் செட்டியாரம்மா மேல்படிக்குக் குடிபோய்விட்டார்.) நான் சாவியைத் தேடினாலும், கண்ணாடியைத் தேடினாலும், அது ஏப்ரல் மாதமே ஆனாலும், அம்மா ஒன்றுதான் கேட்பாள்:

“கொலுவுல பாத்தியாடா?”