போட்டுப் பார்க்காத விடை

என் மனைவியின் படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவு கட்டினேன். என்னைக் கொடுமைக்காரன் என்று நினைக்காதீர்கள். அவள் படிக்க உட்கார்ந்த நாள் முதல் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான்.

வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள் அவள். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பள்ளிப் பரீட்சையை இப்போது எழுதப் போகிறாளாம். மெஷின்மேல் கணக்குப் புத்தகம், தொட்டியில் பாத்திரம். ஒரே வாரத்தில் என் பத்து விரலும் ஊறி வெளுத்துவிட்டன.

நானாக நிறுத்தினால் பழி வரும். அவளாக விட்டால் தேவலை. புத்தகத்தைப் புரட்டி, வர்க்கமூலக் கணக்குகளிலேயே முரடாக ஒன்றைப் பொறுக்கினேன். ஓர் எண்ணோடு ஆறைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வரவேண்டும். எது அந்த எண்?

"இதை நீ போட்டுட்டா, பரீட்சை முடியறவரைக்கும் பாத்திரம் என் பொறுப்பு. போடலேன்னா புத்தகத்தை மூடிடணும். சம்மதமா?"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

"அதை அப்புறம் பேசுவோம். பென்சிலைக் குடுங்க."

நானும் தனியாகப் போட்டு வைத்தேன். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வர்க்கம் எடுத்தால் வர்க்கமூலம் ஓடிவிடும். விடை இரண்டு வந்தது: மூன்று, மைனஸ் இரண்டு. பள்ளியில் நான் கணக்கில் புலி. அவள் தாளில் மூன்று மட்டும்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"மைனஸ் ரெண்டு எங்கே? பாதி விடைக்கு மார்க் கிடையாது!"

"எனக்கும் வந்துச்சு. அடிச்சிட்டேன்."

"வந்த விடையை யாராவது அடிப்பாங்களா?"

"தைச்ச சட்டையைப் போட்டுப் பாக்காம யாராவது குடுப்பாங்களா? உங்க மைனஸ் ரெண்டோட ஆறைக் கூட்டுங்க."

"நாலு."

"வர்க்கமூலம்?"

"ரெண்டு."

"வர வேண்டியது மைனஸ் ரெண்டு. சட்டை சேரலையே! வர்க்கம் எடுக்கறப்போ இந்த மாதிரி வேண்டாத ஆளும் உள்ள நுழைஞ்சிடும். கேள்வியில போட்டுப் பாத்துத்தான் விரட்டணும்."

சத்தியமாக எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"பரீட்சை எப்போ முடியுது?"

"நாலே மாசம்தாங்க."

தொட்டிக்குப் போனேன். ஐந்து தட்டுகளைத் தேய்த்து அடுக்கினேன். அவள் வந்து ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

மூன்றை அலமாரியில் வைத்தாள். இரண்டைத் திரும்பத் தொட்டியில் போட்டாள்.