பதிமூன்றாவது நத்தையை அடையாளம் காணும் குழு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நிகழ்ந்த மாபெரும் அறிவு முயற்சி, எங்கள் அலுவலக வரவேற்பறையில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தொடங்கியது. குழுச் செயலாளர் என்ற முறையில் அதைப் பதிவு செய்வது என் கடமை.

வரவேற்பறையில் ஓர் உப்புநீர்த் தொட்டி. அதில் பவளங்கள், பாசி தின்னும் பன்னிரண்டு நத்தைகள், மேலாளரின் செல்லமான நீல உதட்டுச் சிப்பி ஒன்று. புதிதாக இறக்கிய கடல்பாறையோடு ஒட்டிக்கொண்டு பதிமூன்றாவதாக ஒரு நத்தை வந்து சேர்ந்தது. வரிவரியான ஓடு, ராஜநடை. இருப்புப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

தொட்டியைப் பராமரிக்கும் அக்கா பார்த்தவுடனே சொன்னார்: "சார், ஓட்டோட வாயைப் பாருங்க. வட்டமா இருந்தா பாசி திங்கிற சாது. இதுக்கு ஓரத்துல வெட்டு இருக்கு, அது வழியா தும்பிக்கை மாதிரி குழாயை நீட்டுது. இது கறி திங்கிறது. இப்பவே எடுத்துடறேன்."

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் மேலாளர். "வாயைப் பாத்து ஆளை எடைபோடுறது நம்ம கொள்கைக்கு விரோதம்."

ஒட்டிக்கொண்டு வந்தவர்களை இளக்காரமாக நினைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நான் மாமாவின் சிபாரிசோடு வந்தவன், மேலாளர் மாமனாரின் சிபாரிசோடு. எனவே ஐவர் குழு அமைந்தது.

முதல் கூட்டத்தில் நத்தைக்கு 'விருந்தினர் உறுப்பினர்' என்று பெயரிட்டோம். இரண்டாவதில் புகைப்படம் எடுத்தோம். அது முகம் காட்ட மறுத்தது. 'தன்னடக்கம்' என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவது கூட்டத்தன்று இரண்டு ஓடுகள் காலியாகக் கிடந்தன.

"லீவுல போயிருக்கும்," என்றார் கணக்கர்.

"ஓட்டை விட்டுட்டா சார்?" என்றார் அக்கா.

"வீட்டைப் பூட்டாம ஊருக்குப் போறவங்க இல்லையா?"

ஏழாவது கூட்டத்தின்போது ஒன்பது ஓடுகள் காலி. விருந்தினர் சிப்பியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"நட்பா பழகுது," என்றார் மேலாளர்.

அக்கா முழங்கை வரை கையை விட்டு அதைப் பிய்த்தெடுத்தார். விசாரணை முடியுமுன் கைவைத்தது தவறு என்று சொல்லித் திரும்பப் போட வைத்தோம்.

"சிப்பி கத்தாது சார். அதுக்காக வலிக்கலன்னு அர்த்தமில்ல."

'ஆய்வுப் பொருளைக் கலைத்த குற்றத்துக்காக' அவரைப் பணிநீக்கம் செய்யும் கடிதத்தை நான்தான் எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார்கள். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார், போய்விட்டார்.

இரண்டாம் மாத முடிவில் குழு ஒருமனதாக அடையாளம் கண்டது. குழப்பத்துக்கு இடமே இல்லை: தொட்டியில் இப்போது ஊர்ந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான். 'கறி தின்னும் இனம்' என்று அறிக்கை எழுதினோம். பன்னிரண்டு நத்தைகளும் ஒரு சிப்பியும் இறந்ததற்குப் பொறுப்பானவர்களின் பட்டியலைத் தனியாக இணைக்க மேலிடத்தில் சொன்னார்கள். தேவைப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் ஐந்து கையெழுத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன.