மிஸ்டர் லிங்கராஜபுரமும் மம்மியின் மாத்திரையும்

ஷெர்வினின் கை நடுங்கியதில் காபி பாதி சாஸரில், பாதி சட்டையில்.

"இன்னாடா இது, காலங்காத்தால?" என்றாள் அம்மா ஸ்டெல்லா.

"ஒண்ணுமில்ல மம்மி. நேத்து டம்பெல் கொஞ்சம் வெயிட்டு."

அப்பட்டமான பொய். சனிக்கிழமை 'மிஸ்டர் லிங்கராஜபுரம்' ஆணழகன் போட்டி. போன வருஷம் மேடையில் இவன் தொப்பையைப் பார்த்து முன்வரிசைக் குழந்தை ஒன்று வாய்விட்டுச் சிரித்துவிட்டது. இந்த வருஷம் ஜெயிக்காவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"தைராய்டு மாத்திரை போடு மச்சா, கொழுப்பு கரைஞ்சிடும்," என்று போன மாசம் ஜிம் மாஸ்டர் டிரேவர் காதில் ஓதிவிட்டான்.

வீட்டிலேயே இருந்தது. 'தைராய்டு' என்று மம்மி எழுதி ஒட்டிய டப்பா, பிரிட்ஜ் மேல். தினமும் காலையில் அதிலிருந்து ஒரு மாத்திரையும் ஒரு துண்டு ரொட்டியுமாக அவள் பின்பக்கம் போவதை ஷெர்வின் பார்த்திருக்கிறான். டப்பாவை அப்படியே தன் ஜிம் பைக்குள் கவிழ்த்தான். சர்க்கரைக்குப் பதிலாக டாடி ஓஸ்வால்ட் காபியில் போடும் இனிப்பு மாத்திரைகளை அதில் நிரப்பினான். இரண்டுமே பொடிசு, வெள்ளை.

மம்மிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் இருக்கத்தான் செய்தது. பெற்ற தாய் ஆயிற்றே! ஆனால் அவளோ முன்னைவிடத் தெம்பாக, பாத்திரம் தேய்த்துக்கொண்டே கீர்த்தனை பாடினாள். 'மம்மிக்கு இந்த மாத்திரையே தேவையில்ல போல' என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

கெட்டது இவன் உடம்புதான்.

"கை ஏன்டா இப்படிச் சூம்பிப் போச்சு?" என்றான் டிரேவர்.

"மாத்திரை பத்தல போல," என்று இவனே வைத்தியனாகி, தினம் ஒன்று என்றிருந்ததை இரண்டாக்கினான். நெஞ்சு பழைய ஆட்டோ மாதிரி படபடத்தது. தூக்கம் போனது. பசி மட்டும் யானைப் பசி.

போதாக்குறைக்கு நாய் புருனோ. ஷெர்வின் முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவையெல்லாம் அதற்குத்தான் போடுவான். அது பூசணிக்காயாக ஊதி, ஹாலில் படுத்தால் படுத்ததுதான்.

"உன் முட்டையால நாய் வெடிக்கப் போவுது! கூட்டிட்டுப் போய் நடக்க வை!" என்று மம்மி கத்தினாள்.

கூட்டிப் போனான். புருனோ முனைக்கடை வரை வந்து, நடுரோட்டில் சொகுசாகப் படுத்துவிட்டது. பின்னால் பஸ் ஹாரன். வேறு வழி? நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது, ஷெர்வினுக்குக் கால் இரண்டும் வெடவெடத்தன.

அன்று சாயங்காலம் பார்த்து வீட்டில் ஜெபக்கூட்டம். கண்ணை மூடி நின்றவனுக்கு உடம்பு உதறியது, வேர்வை கொட்டியது.

"அல்லேலூயா! பிள்ளை மேல அபிஷேகம் இறங்கிடுச்சு!" என்றாள் எதிர்வீட்டு ஆன்ட்டி. எல்லா ஆன்ட்டிகளும் ஓடிவந்து தலையில் கைவைத்து அழுத்தினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். நாக்குக் குழறியது.

"பரிசுத்த ஆவி வந்து அன்னிய பாஷை பேசறான்!" மம்மிக்கு ஆனந்தக் கண்ணீர்.

அடுத்த நிமிஷம் டீப்பாய் மேல் தடாலென்று சாய்ந்தான். அதற்கும் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

கிளினிக்கில் டாக்டர் ரூபினி ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு முறைத்தார். "என்ன சாப்பிட்டீங்க?"

"மம்மியோட தைராய்டு மாத்திரை... ரெண்டு ரெண்டா."

"விளையாட்டா போச்சா? கொழுப்போட சதையும்தான் கரையும். ஹார்ட்டே நின்னிருக்கும்! நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. மாத்திரையை நிறுத்தினா சரியாயிடும். ஆனா சனிக்கிழமை மேடை கிடையாது, இந்தக் கட்டில்தான்."

போட்டி போனதுகூட இவனுக்கு உறைக்கவில்லை. மம்மியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். "மன்னிச்சிடு மம்மி! இத்தனை நாளா உனக்கு இனிப்பு மாத்திரையை வெச்சு ஏமாத்திட்டேன். உன் உடம்புக்கு ஏதாவது ஆயிருந்தா?"

மம்மி திருதிருவென்று விழித்தாள். கதவோரம் நின்ற டாடி தொண்டையைச் செருமினார்.

"டேய், அவளுக்கு ஏதுடா தைராய்டு? அது நாய் டாக்டர் எழுதிக் குடுத்தது, நம்ம புருனோவுக்கு!"