முப்பத்திரண்டு தையல்

"ஏங்க, எந்தம்பி வந்துட்டான்! சீக்கிரம் படுங்க!"

குள்ளம்மாள் ஓடிவந்தபோது தீர்த்தகிரி தக்காளித் தோட்டத்துக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நா எதுக்குப் படுக்கணும்?"

"ஒங்களுக்கு முட்டி ஆபரேஷன்னு போன்ல சொல்லிட்டேங்க."

ஆபரேஷனாவது மண்ணாங்கட்டியாவது! போன வாரம் தருமபுரியில், முட்டியைச் சுற்றி மூன்று ஊசி செருகி, வலியைக் கொண்டுபோகும் நரம்புகளைச் சூடு வைத்து அடக்கி, அன்று சாயங்காலமே நடந்துபோகச் சொல்லிவிட்டார்கள். வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் மாது இந்த வாசலை மிதித்து ஆறு வருஷமாகிறது. மகளின் காதுகுத்தில் தாய்மாமன் வந்து சேர்வதற்குள் அவசரப்பட்டு, வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தியவர் தீர்த்தகிரிதான். வெறும் ஊசிக்கா வந்தோம் என்று கோபித்துக்கொண்டு மறுபடியும் போய்விட்டால்?

படுத்தார். குள்ளம்மாள் பழைய வேட்டியைக் கிழித்துத் தொடைவரை கட்டினாள்.

ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக மாது நுழைந்தான். பின்னால் அவன் மனைவி பாஞ்சாலி.

"மாமா, கட்டு பெருசா இருக்குதே! எத்தன தையலுங்க?"

"பன்னண்டு," என்றார் தீர்த்தகிரி.

"இருவது," என்றாள் குள்ளம்மாள், அதே நேரத்தில்.

"முப்பத்திரண்டா! அப்ப கால கீழயே வைக்கக் கூடாது மாமா."

சொன்னபடியே செய்தான். கக்கூசுக்குக்கூட மாமனை முதுகில் சுமந்துபோனான். தோட்டத்தில் குனிந்து தக்காளி பறித்தான், பெட்டிகளைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போனான், திரும்பிவந்து மாமனின் காலையும் பிடித்துவிட்டான். காதுகுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த முதுகில் தொங்கும்போதெல்லாம் தீர்த்தகிரிக்கு உடம்பு கூசியது. நல்ல காலை வைத்துக்கொண்டு சவாரி போகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் தாங்கவில்லை. மாது மார்க்கெட் போயிருந்த நேரம் பார்த்து, பாஞ்சாலியைக் கூப்பிட்டுக் கட்டை அவிழ்த்துக் காட்டினார்.

"பாரும்மா, தையலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மூணே ஊசி. அவன் மூஞ்சில நா எப்படி முழிப்பேன்?"

பாஞ்சாலி முட்டியைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்த துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல கட்டுங்கண்ணா. போன வருஷம் அவரு ரெண்டு முட்டிக்கும் இதே ஊசியத்தான் போட்டுக்கிட்டாரு. கட்டப் பாத்தப்பவே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தக் கட்டு இருக்கற வரைக்குந்தான் அவருக்கும் அக்கா வூட்டுல இருக்க ஒரு சாக்கு."