குரிச்சிபாவில் சீட் பிடித்த கதை

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூட வேண்டாம். பட்டப்பகலில், பச்சைப் பசேலென்ற பூங்காவில், குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடத்திலேயே பயந்து நடுங்கத் தெரியும்.

என் மனைவி கவிதாவை அவள் கம்பெனி ஒரு வார வேலையாகப் பிரேசிலில் இருக்கும் குரிச்சிபா நகரத்துக்கு அனுப்பியது. துணைக்கு நான். (துணை என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.) நான்கு வயது மகளை மாங்காட்டில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். வழியனுப்ப வந்த மச்சினன் தினேஷ் என் காதருகே வந்து, "மாமா, அங்கல்லாம் துப்பாக்கிய காட்டிப் புடுங்கிக்கினு பூடுவானுங்களாம். உஷாரா இரு" என்றான். அவன் வானகரத்தைத் தாண்டிப் போவதே அபூர்வம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து இருவர் பாஸ்போர்ட்டும் ஒரு பையில், பை என் நெஞ்சில்.

"ரூம்லயே லாக்கர் இருக்குதுங்க" என்றாள் கவிதா.

"லாக்கர உடைக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்றேன், ஏதோ நாலு லாக்கர் உடைத்தவன்போல.

ஊரோ அப்படி ஓர் அழகு. அகலமான நடைபாதை, தெருவெல்லாம் மரம், ஏரிக்கரையில் ஆட்டுக்குட்டி அளவு எலி மாதிரி ஏதோ பிராணிகள் சாவகாசமாகப் புல் மேய்ந்தன. பார்க்கப் பார்க்க என் பயம் ஏறியது. அம்பத்தூரில் குழியில்லாத ரோட்டைப் பார்த்தால் மந்திரி வருகிறார் என்று அர்த்தம். இங்கே எந்த மந்திரியும் வரக் காணோம். அப்படியானால் இது யாருக்கு விரித்த வலை? ஓர் ஐஸ்கிரீம்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

கடைசி நாள், சனிக்கிழமை மதியம். மறுநாள் காலை விமானம். பூங்காவிலிருந்து திரும்பக் கண்ணாடிக் குழாய் மாதிரி இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மூன்று பஸ்ஸை ஒட்டவைத்த நீளத்தில் சிவப்பாக ஒன்று வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஜன்னலோரம், இருவர் உட்காரும் சீட் ஒன்று காலி.

இங்கே என் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். பூந்தமல்லி பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்போ டிபன் பாக்ஸோ வீசிவிட்டால் சீட் நமக்கு. அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார எவனுக்கும் துணிச்சல் வராது. அந்தப் பயிற்சி பெற்ற கை மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. நெஞ்சிலிருந்த பையைக் கழற்றி, நாலு தலைகளுக்கு மேலாக வீசினேன். சரியாகச் சீட்டில் போய் உட்கார்ந்தது.

"கவிதா, ஓடியா! சீட் புடிச்சாச்சு!" என்று பெருமையாகப் பின்னால் திரும்பினேன்.

மறுபடி முன்னால் திரும்பியபோது கதவு மூடியிருந்தது. விசில் இல்லை, "போலாம் ரைட்" இல்லை. பஸ் தனக்கென்று போட்ட தனிப்பாதையில் பறந்தது. குறுக்கே ஒரு மாடு இல்லை, ஒரு ஷேர் ஆட்டோ இல்லை. நகரத்தை நன்றாகத் திட்டமிட்டுக் கட்டினால் எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் தெரிந்தது.

ஏழு வருடமாக என்னை 'ஏங்க' என்றே கூப்பிட்டவள் கத்தினாள். "யோவ்! பாஸ்போர்ட்டு!"

ஒரு வாரமாகத் திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் நானே எடுத்து வீசியிருக்கிறேன். தூதரகம் வேறு ஊரில், மறுநாள் ஞாயிறு. கவிதா அதற்குமேல் திட்டவில்லை. "பாப்பா தேடுவாய்யா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

நிறுத்த வாசலில் டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் ஓடினேன். பாஷை தெரியாது. பையை வீசுவதுபோல் காட்டி, பஸ்ஸைக் காட்டி, "எல்லாம் போச்சு!" என்று இரண்டு கைகளையும் மேலே விரித்தேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. போனை எடுத்தார். பாவம், எவ்வளவு இரக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த பஸ் பிடித்துக் கடைசி நிறுத்தத்துக்குப் போனோம். எங்கள் சிவப்பு பஸ் அங்கே காலியாக நின்றது. பயணிகள் எல்லோரும் தூரத்தில் நின்றார்கள். முன்பின் தெரியாத ஒருவன் பையை வீசிவிட்டு, தான் மட்டும் ஏறாமல் நின்றால், குண்டோ என்று யாருக்குத்தான் பயம் வராது? வழியெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்களே தவிர, அந்தச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லையாம். வாழ்நாளில் இவ்வளவு உறுதியாக நான் சீட் பிடித்ததே இல்லை.

காவலர் ஒருவர், நீயே திற என்று சைகை காட்டிவிட்டுப் பின்வாங்கினார். பையைத் திறந்தேன். முதலில் வந்தது மாமியார் கொடுத்த விபூதிப் பொட்டலம். வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் காவலரின் கை இடுப்புக்குப் போனது. எடுத்து நெற்றி நிறையப் பூசிக்காட்டினேன். அடுத்தது எவர்சில்வர் டப்பா. கூட்டம் இன்னும் பத்தடி பின்னால் போனது. மூடியைத் திறந்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலில் கலந்த சாதம்.

காவலர் அப்போதும் நம்பவில்லை.

"சாப்பிட்டுக் காட்டுங்க" என்றாள் கவிதா.

துப்பாக்கி முன்னால் நின்று புளிசாதம் சாப்பிட்டவன் எங்கள் பரம்பரையில் நான் ஒருவன்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரத்தால் இல்லை. மூன்றாவது கவளத்தில் கூட்டத்தில் யாரோ சிரிக்க, காவலரும் சிரித்துவிட்டார். பாஸ்போர்ட்டைப் பிரித்து, படத்தையும் விபூதி பூசிய மூஞ்சியையும் ஒப்பிட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். நடுவில் புகுந்து வாங்கிய கை கவிதாவுடையது.

இப்போதும் பூந்தமல்லியில் எந்தக் கல்யாணப் பந்திக்குப் போனாலும் தினேஷ் இடம் தேடிக்கொண்டே கத்துவான். "மாமா, ஒன் பைய அந்த இல மேல வீசு! ஒரு பய கிட்ட வரமாட்டான்!" சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு வழி?

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதங்கள் எல்லாம் இப்போது கவிதாவின் பீரோவில் இருக்கின்றன. என் கைக்கு வருவது ரேஷன் கார்டு மட்டும். அதுவும் ஜெராக்ஸ்.